சுற்றுப் படத்தில் இல்லாத உறுப்பு

மின்சுற்றுப் படத்தில் ரெசினுக்குக் குறியீடு கிடையாது. மின்தடைக்கு ஒரு குறி உண்டு, மின்தேக்கிக்கு ஒன்று, டிரான்சிஸ்டருக்கு ஒன்று. இவற்றையெல்லாம் பலகையில் பற்றவைத்து, சோதித்து, சரிபார்த்து முடித்த பிறகு கடைசி வேலையாகப் பெட்டிக்குள் ஊற்றப்படும் அந்தக் கறுப்புக் குழம்பு படத்தின் எந்த மூலையிலும் வராது. உதிரிப் பாகங்களின் பட்டியலில் ‘எபாக்சி, இத்தனை கிராம்’ என்று ஒரு வரி இருக்கும். அதோடு சரி.

மோட்டார் சைக்கிளில் பொறி மூட்டும் சி.டி.ஐ. யூனிட்டைப் பிரித்துப் பார்க்க முயன்றவர்களுக்கு அந்தக் குழம்பு இறுகினால் எப்படி இருக்கும் என்று தெரியும். உளி வைத்தாலும் சில்லுச் சில்லாகத்தான் பெயரும். இக்னிஷன் காயில், தெருவிளக்கின் எல்.இ.டி. டிரைவர், படக்குழாய் டி.வி.யில் உயர் மின்னழுத்தம் தரும் எல்.ஓ.டி. எல்லாவற்றிலும் இதுவே நிறைந்திருக்கிறது. ஐ.சி.யின் கறுப்பு உடம்பும் எபாக்சிதான். எடையில் 70 முதல் 90 சதவீதம் வரை சிலிக்காத் தூள் கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வார்க்கப்பட்ட எபாக்சி அது. ஈரமும் தூசியும் அதிர்வும் அண்டாமலிருக்க இப்படி மூடி வைக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு உண்மையானது. பெரும்பாலான சுற்றுகளுக்கு அதுவே போதும்.

ஆனால் ஊற்றிய கணத்திலிருந்து ரெசினும் அந்தச் சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. அருகருகே உள்ள எந்த இரண்டு கடத்திகளை எடுத்துக்கொண்டாலும், அவற்றுக்கு இடையே ஒரு சிறு மின்தேக்கியையும் ஒரு மிகப் பெரிய மின்தடையையும் அது சேர்த்துவிடுகிறது. கடையில் வாங்கும் மின்தேக்கியின் மேல் மதிப்பு அச்சிடப்பட்டிருக்கும். இதன் மதிப்போ வெப்பத்தைப் பொறுத்து மாறும், ஈரத்தைப் பொறுத்து மாறும், அதிர்வெண்ணைப் பொறுத்து மாறும், ஆண்டுகள் ஆக ஆகவும் மாறும். ரெசினை வெறும் உறையாக நினைத்து வடிவமைத்த கருவிகள் எப்படியெல்லாம் பழுதாகின என்பதைப் பார்த்தால், இந்தப் பொருளுக்கும் ஒரு குறியீடு இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மின்சாரத்துக்கும் ரெசினுக்கும் உள்ள உறவு பழையது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயில் கம்பிகளுக்குக் காப்பாகப் பூசப்பட்டது அரக்கு. இந்தியக் காடுகளில் பலாச மரத்தின் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் கசியவிடும் பிசின்தான் உலக மின்தொழிலுக்கு ஷெல்லாக் என்ற பெயரில் கப்பலேறியது. 1924-இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கும் அளவுக்கு அதற்கு மதிப்பு இருந்தது. பூச்சிகளை நம்பி ஒரு தொழிலை எவ்வளவு காலம் நடத்த முடியும்? அமெரிக்காவின் யாங்கர்ஸ் நகரில் லியோ பேக்லண்ட் அரக்குக்கு மாற்றுத் தேடினார். 1907-இல் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து இறுக வைத்து பேக்லைட்டை உருவாக்கினார். ஆனால் பேக்லைட் இறுகும்போது நீர் வெளிப்படும். அது குமிழாகத் தங்காமலிருக்க அழுத்தம் கொடுத்தே வார்க்க வேண்டும். 1930-களில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டனும், அதையடுத்து அமெரிக்காவின் சில்வன் கிரீன்லீயும் உருவாக்கிய எபாக்சி இந்தத் தொல்லையைத் தீர்த்தது. எபாக்சியும் ஹார்டனரும் வினைபுரியும்போது துணைப்பொருள் எதுவும் பிரிவதில்லை, சுருக்கமும் குறைவு. திரவமாக ஊற்றி, இருந்த இடத்திலேயே இறுக விடலாம். நுண்மின்னணுத் தொழில் எபாக்சியைப் பற்றிக்கொண்டதற்கு இது முதன்மையான காரணம்.

ரெசின் சுற்றில் சேர்ப்பவற்றில் முதலில் மின்தேக்குத்திறன். வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் ஒரு பொருள் எத்தனை மடங்கு மின்னூட்டத்தைத் தேக்க உதவும் என்பதே ஒப்புமை விடுதிறன். காற்றுக்கு அது ஏறத்தாழ 1. எபாக்சிக்கு அது 3.5 முதல் 4.5 வரை. சிலிக்கோன் ரப்பருக்கு 3-க்குச் சற்றுக் கீழே. பாலியூரித்தேனுக்குக் கலவையைப் பொறுத்து 3 முதல் 5 அல்லது அதற்கு மேலும் போகும். மின்புலத்தில் வைத்ததும் ரெசினின் மூலக்கூறுகளில் இருக்கும் மின் இருமுனைகள் புலத்தை நோக்கிச் சற்றுத் திரும்புகின்றன. எபாக்சியில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய உண்டு, அவை முனைப்புடையவை. சிலிக்கோனில் அப்படிப்பட்ட தொகுதிகள் மிகக் குறைவு. எனவே எபாக்சி கூடுதலாக மின்னூட்டத்தைத் தேக்குகிறது.

இதன் விளைவைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். 100 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஒரு காயில்–மின்தேக்கி அலையியற்றி. அதன் மொத்த மின்தேக்குத்திறன் 50 பைக்கோஃபாரடு. அதில் 2 பைக்கோஃபாரடு மட்டும் பாகங்களைச் சுற்றியுள்ள காற்றின் வழியே அமைந்தது. விடுதிறன் 4 உள்ள எபாக்சியை ஊற்றினால் அந்த 2 என்பது 8 ஆகிறது. மொத்தம் 56. அதிர்வெண் மின்தேக்குத்திறனின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் 94.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். எஃப்.எம். வானொலியில் இது வேறொரு நிலையம். ஊற்றுவதற்கு முன் அலுங்காமல் டியூன் செய்து வைத்த சுற்று, ஊற்றிய பின் தன் இடத்தில் இருக்காது. இறுகும் வினை ஓய்வதற்கு முன் அளந்தாலும் பயனில்லை. இருமுனைகள் திரும்புவதற்கான இடம் மூலக்கூறு வலை இறுக இறுகக் குறைந்துகொண்டே வருவதால் விடுதிறனும் மாறிக்கொண்டே இருக்கும். ரேடியோ அதிர்வெண் கருவிகள் செய்பவர்கள் இதற்குக் கண்ட வழிகளில் ஒன்று அழகானது: ரெசினுக்குள் உள்ளீடற்ற நுண்ணிய கண்ணாடிக் கோளங்களைக் கலந்துவிடுகிறார்கள். கோளங்களுக்குள் இருப்பது காற்றோ வாயுவோ ஆகையால் மொத்த விடுதிறன் தானாகவே குறைகிறது.

இருமுனைகள் திரும்புகின்றன என்றேன். மாறுமின்புலத்தில் அவை திரும்பித் திரும்பி வர வேண்டும். அக்கம் பக்கத்து மூலக்கூறுகளோடு உரசாமல் அது நடக்காது. அந்த உரசலில் ஆற்றல் வெப்பமாகிறது. பீட்டர் டிபை என்ற டச்சு அறிவியலாளர் திரவங்களில் இந்தச் சுழற்சியைக் கணிதமாக்கினார். இருமுனைத் திருப்புத்திறன் குறித்த ஆய்வு அவருடைய 1936-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசுக்கான காரணங்களில் ஒன்று. புலம் மிக மெதுவாக மாறினால் இருமுனைகள் சிரமமின்றிப் பின்தொடரும். மிக வேகமாக மாறினால் பின்தொடரவே முயலாது. இரண்டுக்கும் நடுவில், பின்தொடர முயன்று பின்தங்கும் அதிர்வெண்ணில்தான் இழப்பு உச்சத்தில் இருக்கும். திடமான ரெசினில் இந்த உச்சம் ஒரே இடத்தில் கூராக நிற்காமல் பல பத்து மடங்கு அதிர்வெண்களுக்குப் பரவிக் கிடக்கிறது.

கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே எபாக்சி கண்ணாடிபோல் விறைத்திருக்கும். அதைத் தாண்டினால் தோல்போல் இளகும். நெரிசலான பேருந்தில் நிற்பவர் உடம்பைத் திருப்ப முடியாமல் முகத்தை மட்டும் திருப்புவார். கொஞ்சம் கூட்டம் இறங்கியதும் முழுதாகத் திரும்பிவிடுவார். அந்த வெப்பநிலைக்கு மேலே மூலக்கூறுச் சங்கிலிகளுக்குக் கிடைப்பதும் அந்த இடம்தான். விடுதிறன் கூடுகிறது, இழப்பு கூடுகிறது, அயனிகளும் நகரத் தொடங்குகின்றன. சிலிக்கோனின் நிலைமாற்றம் பூச்சியத்துக்குக் கீழே நூறு டிகிரி செல்சியஸையும் தாண்டி நிகழ்வதால், நாம் வாழும் வெப்பநிலைகளில் அதன் மின்பண்புகள் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கின்றன. விலை கூடுதல் என்றாலும் சூடு மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில் சிலிக்கோனைத் தேடிப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இழப்பு எவ்வளவு இருக்கும்? 10 பைக்கோஃபாரடு அளவுக்கு ரெசின் மின்தேக்கி அமைந்திருக்கிறது, அதன் குறுக்கே ஒரு மெகாஹெர்ட்ஸில் ஆயிரம் வோல்ட் இருக்கிறது, எபாக்சியின் இழப்புக் கெழு 0.02 என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் ஒன்றேகால் வாட் வருகிறது. சிறிய அளவு ரெசினுக்குள் ஒன்றேகால் வாட் என்பது கொஞ்சமில்லை. எபாக்சி வெப்பத்தையும் சரியாகக் கடத்தாது. உள்ளே சூடு ஏறும். சூடு ஏறினால் இழப்பு கூடும். இழப்பு கூடினால் சூடு இன்னும் ஏறும். வெளியேறும் வெப்பத்தை உருவாகும் வெப்பம் மிஞ்சிவிட்டால் இந்தச் சுழல் கருகலில்தான் போய் நிற்கும். 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தில் இதே ரெசின் இதைப்போல இருபதாயிரத்தில் ஒரு பங்கு வெப்பத்தைக்கூட உண்டாக்காது. ‘நல்ல காப்புப் பொருள்’ என்று அதிர்வெண்ணைச் சொல்லாமல் சொல்வதில் பொருளே இல்லை.

அடுத்தது கசிவு. நல்ல எபாக்சியின் மின்தடை எண் 1-க்குப் பின்னே 15 சுழியங்கள் போட்ட அளவு ஓம்-சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் தடிமனும் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட துண்டின் குறுக்கே 100 வோல்ட் கொடுத்தால் பாயும் மின்னோட்டம் ஒரு பைக்கோஆம்பியர். எந்தச் சுற்றுக்கும் இது ஒரு பொருட்டில்லை என்று தோன்றும். ஆனால் தரவுத் தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 23 டிகிரி என்று போட்டிருப்பார்கள். 150 டிகிரியில் அதே ரெசினின் மின்தடை எண் ஆயிரம் மடங்கோ அதற்கு மேலோ குறைந்திருக்கும். உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஓடுவதுபோல் ரெசினில் ஓடுவதில்லை. இங்கே பெரும்பாலும் நகர்பவை அயனிகள். எபாக்சியைத் தயாரிக்க எபிகுளோரோஹைட்ரினும் சோடியம் ஹைட்ராக்சைடும் தேவை. கழுவிக் கழுவி எடுத்தாலும் குளோரைடும் சோடியமும் மில்லியனில் சில பங்காவது தங்கிவிடும். அந்தக் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து சில்லின் அலுமினியப் பட்டைகளை அரித்தது பிளாஸ்டிக் ஐ.சி.களின் தொடக்கக்கால வரலாறு. ராணுவமும் விண்வெளித் துறையும் பல பத்தாண்டுகள் பீங்கான் உறைகளையே நம்பியதும், பிளாஸ்டிக்கை ஒதுக்கியதும் இதனால்தான். தூய்மை கூடக் கூட அந்த அச்சம் தணிந்தது. 1994-இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் வில்லியம் பெர்ரி, ராணுவத் தனித்தரங்களைக் கேட்காமல் வணிகத் தரப் பொருள்களையே வாங்கும்படி உத்தரவிட்டபோது பிளாஸ்டிக் உறை ஐ.சி.களுக்கு அங்கேயும் கதவு திறந்தது.

ஈரத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ரெசினில் மூழ்கடித்தால் தண்ணீர் புகாது என்று நினைக்கிறார்கள். நீர்த்துளி புகாது என்பது சரி. நீராவி புகும். உலோகமும் கண்ணாடியும் பீங்கானும்தான் நீராவியை உண்மையாகத் தடுப்பவை. எந்தப் பாலிமரும் அதைத் தாமதப்படுத்த மட்டுமே செய்யும். நீரின் ஒப்புமை விடுதிறன் 80-ஐ ஒட்டியது என்பதால், எடையில் அரை சதவீதம் நீர் ஏறினாலும் ரெசினின் மின்பண்புகள் நகர்ந்துவிடும். அதைவிட முக்கியம், அயனிகள் நடமாடுவதற்கு நீர் வழி திறந்துவிடுகிறது. இருந்தும், நீராவி ரெசினுக்குள் கரைந்திருக்கும் வரை பெரிய ஆபத்தில்லை. ரெசின் பலகையைவிட்டோ கம்பியைவிட்டோ பிரிந்து ஒரு மெல்லிய இடுக்கு உண்டானால் அங்கே நீர் படலமாகச் சேரும். சால்டர் செய்தபோது விட்ட ஃபிளக்ஸ் கறையும் அங்கே இருந்துவிட்டால் அந்தப் படலம் உப்பு நீராகும். ரெசின் ஊற்றிய சுற்று ஈரத்தில் பழுதாகும்போது, ரெசினின் தரத்தைவிட அதன் ஒட்டுதலையே நான் முதலில் சந்தேகிப்பேன். ஊற்றுவதற்கு முன் பலகையைக் கழுவி உலர்த்துவதில் காட்டும் கவனம், விலை உயர்ந்த ரெசினை வாங்குவதைவிட அதிகப் பலன் தரும்.

பி.எச். மீட்டர் இதற்கு நல்ல சோதனைக்கூடம். அதன் கண்ணாடி மின்வாயின் மின்தடை பத்துக் கோடி ஓம் அளவில் இருக்கலாம். அதோடு இணைந்த பெருக்கியின் உள்வாயிலில் கசிவுத் தடை ஆயிரம் கோடி ஓமுக்குக் குறைந்தாலே அளவில் ஒரு சதவீதப் பிழை வந்துவிடும். காய்ந்த எபாக்சியில் இது நடக்காது. ஈரம் ஏறி, இடுக்கில் கறை படிந்த பலகையில் எளிதாக நடக்கும். இப்படிப்பட்ட சுற்றுகளில் அனுபவசாலிகள் அந்த ஒரு முனையை மட்டும் ரெசினில் படவிடாமல் டெஃப்லான் தாங்கியின் மேல் தூக்கி வைப்பார்கள். அல்லது அதைச் சுற்றிலும் அதே மின்னழுத்தத்தில் ஒரு காவல் வளையத்தைப் பலகையிலேயே வரைந்துவிடுவார்கள்.

ரெசினே ஈரத்தில் கெட்டுப்போவதும் உண்டு. 1960-களில் அமெரிக்காவின் எஃப்-4 ஃபாண்டம் போர் விமானங்களின் மின் இணைப்பான்களில் ஊற்றப்பட்ட ஒருவகை ரெசின், வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் திரும்பவும் குழகுழவென்று இளகிப்போனது. பாலியெஸ்டர் இணைப்புகள் கொண்ட பாலியூரித்தேனை நீர் மெல்ல மெல்ல வெட்டிவிடும் என்பது அந்தக் காலத்தில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்களில் ஒன்று. பாலியீதர் வகையைத் தேர்ந்தால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும். கடற்கரை ஊர்களில் வேலைசெய்யும் கருவிகளுக்கு ரெசின் வாங்குபவர்கள் பாலியூரித்தேன் என்ற பெயரோடு நிறுத்திவிடாமல் எந்த வகை என்று கேட்க வேண்டும்.

ஈரமும் வேதியியலும் மின்னழுத்தமும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2000-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த ஒரு நிகழ்வைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஐ.சி. உறைகள் தீப்பிடிக்காமலிருக்க, நெடுங்காலமாக புரோமின் சேர்மங்களையும் ஆன்டிமனி ஆக்சைடையும் ரெசினில் கலந்து வந்தார்கள். புரோமின் சேர்மங்கள் எரியும்போது நச்சு உண்டாக்கும் என்ற கவலை எழுந்தது. மாற்றாக சிவப்பு பாஸ்பரஸ் வந்தது. கொஞ்சம் கலந்தாலே போதும், தீயை நன்றாக அடக்கும். ஆனால் சிவப்பு பாஸ்பரஸ் நீரும் ஆக்சிஜனும் பட்டால் பாஸ்பாரிக் அமிலமாகும். அதைத் தடுக்க ஒவ்வொரு துகளின் மேலும் அலுமினியம் ஹைட்ராக்சைடும் ஃபீனாலிக் ரெசினும் பூசினார்கள். ஆய்வகச் சோதனைகளில் தேறி, லட்சக்கணக்கான சில்லுகள் இந்தக் கலவையில் வார்க்கப்பட்டன.

சில மாதங்கள் நன்றாக வேலைசெய்த சில்லுகள் பிறகு பழுதாகத் தொடங்கின. அவற்றில் பரவலாகப் பேசப்பட்டவை ஃபுஜிட்சுவின் ஹார்டு டிஸ்க்குகள். அவற்றின் கட்டுப்பாட்டுச் சில்லு சிரஸ் லாஜிக் நிறுவனத்துடையது. கணினியை இயக்கினால் டிஸ்க் இருப்பதே தெரியாது. உள்ளே காந்தத் தட்டு, மோட்டார், படிக்கும் தலை எல்லாம் நலமாக இருக்கும். பழுது சில்லின் கறுப்பு உடம்புக்குள். பூச்சு சரியாக மூடாத பாஸ்பரஸ் துகள் ஏதோ இரண்டு முனைக்கம்பிகளுக்கு நடுவே அமைந்துவிடுகிறது. ஊடுருவிய ஈரம் அங்கே அமிலத்தை உண்டாக்குகிறது. அமிலம் ரெசினைக் கடத்தியாக்குகிறது. பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கிடையே சில வோல்ட் வேறுபாடு எப்போதும் இருப்பதால், ஒரு முனையின் செம்பும் வெள்ளியும் அயனிகளாகக் கரைந்து மறு முனையை நோக்கி நகர்ந்து படிகின்றன. கசிவு மெல்லக் கூடி ஒருநாள் குறுக்குச் சுற்றாகிறது. மின்னழுத்தம் இல்லாமல் கிடங்கில் கிடந்த சில்லில் உலோகத்தை இப்படி இழுத்துச் செல்ல எதுவும் இல்லை. துகள் வேறிடத்தில் விழுந்த சில்லும் தப்பித்தது. எனவே எது சாகும், எது பிழைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாமல் தொழிலே திகைத்தது. வழக்குகள் அமெரிக்க நீதிமன்றங்களுக்குப் போயின. தீயை அணைப்பதற்காகச் சேர்த்த ஒரு பொடியின் மின்வேதியியலை, வோல்ட்டும் ஈரமும் ஒருசேரக் கொடுத்து, போதுமான நாள்கள் காத்திருந்து சோதித்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

நிரப்பியாகக் கலக்கும் சிலிக்காவும் இப்படி ஒரு வேலையைக் காட்டும். 1978-இல் இன்டெல் நிறுவனத்தின் திமோதி மே, மர்ரே வுட்ஸ் இருவரும் நினைவகச் சில்லுகளில் காரணமின்றி 1 என்பது 0 ஆக மாறுவதை ஆராய்ந்து, உறையின் பொருளில் கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் உமிழும் ஆல்ஃபா துகள்களே காரணம் என்று காட்டினார்கள். அவர்கள் பார்த்தது பீங்கான் உறை. ஆனால் மண்ணிலிருந்து எடுத்த சிலிக்காவிலும் யுரேனியம் இருக்கும். இன்று நினைவகச் சில்லுகளுக்கான ரெசினில் யுரேனியம் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே குறைக்கப்பட்ட சிலிக்கா சேர்க்கப்படுகிறது.

இதுவரை பேசியது பெரும்பாலும் சிறு மின்னழுத்தங்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் வந்தால் பகைவன் வேறு: காற்றுக்குமிழ். எபாக்சி ஒரு மில்லிமீட்டருக்கு 15 முதல் 20 கிலோவோல்ட் வரை தாங்கும். காற்று 3 கிலோவோல்ட்தான் தாங்கும். ரெசினுக்குள் ஒரு தட்டையான காற்றுக்குமிழ் சிக்கினால், விடுதிறன் குறைந்த பொருளில் புலம் கூடும் என்ற விதிப்படி, சுற்றியுள்ள ரெசினைவிட நான்கு மடங்கு மின்புலம் அந்தக் குமிழுக்குள் ஏறுகிறது. பலவீனமானவன் தலையில் நான்கு மடங்கு பாரம். குமிழுக்குள் மட்டும் ஒரு நுண்பொறி வெடிக்கும். ரெசின் உடையவில்லை, ஃபியூஸ் போகவில்லை, கருவி இயங்கிக்கொண்டே இருக்கிறது. இதைப் பகுதி மின்னிறக்கம் என்கிறார்கள். 50 ஹெர்ட்ஸில் அரைச் சுழற்சிக்கு ஒரு பொறி என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஒரு நாளைக்கு 86 லட்சத்து 40 ஆயிரம் பொறிகள். ஒவ்வொன்றும் குமிழின் சுவரைக் கொஞ்சம் அரித்து, கொஞ்சம் கரியாக்கும். ஒரு கட்டத்தில் அங்கிருந்து நுண்ணிய கால்வாய்கள் கிளைவிட்டு ரெசினுக்குள் வளரத் தொடங்கும். ஒளி ஊடுருவும் எபாக்சியில் இதை நுண்ணோக்கியால் பார்த்தால் இலையுதிர்ந்த மரம்போலவே இருக்கும். மின்மரம் என்றே பெயர். அதன் நுனி எதிர் மின்வாயைத் தொட்டால் எல்லாம் முடிந்தது.

டி.வி. மெக்கானிக்குகள் இதைப் புத்தகம் படிக்காமலே அறிந்திருந்தார்கள். வண்ணப் படக்குழாய்க்கு வேண்டிய 25 கிலோவோல்ட்டை எல்.ஓ.டி. ஒரு விநாடிக்கு 15,625 துடிப்புகளில் உருவாக்கும். உள்ளே சுருள்களுக்கு நடுவே குமிழோ வெடிப்போ இருந்தால் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல், ஓசோனின் காரமான நெடி, மழைக்காலத்தில் இன்னும் அதிகம். எல்.ஓ.டி. போய்விட்டது என்பார்கள். போனது ரெசின்.

எவ்வளவு சிறிய குமிழையும் அஞ்ச வேண்டுமா என்றால், வேண்டாம். 1889-இல் ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் பாஷன் கண்ட விதியின்படி, சாதாரணச் சூழலில் காற்றிடைவெளி எவ்வளவு குறுகினாலும் அதன் குறுக்கே ஏறத்தாழ 330 வோல்ட்டுக்குக் கீழே பொறி உண்டாகாது. ஆகவே 12 வோல்ட் பலகையில் குமிழ் இருந்தால் அழகுதான் கெடும், மின்னிறக்கம் வராது. ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும்போது வெற்றிடத் தொட்டிக்குள் வைத்து ஊற்றுவதற்கு ஆகும் செலவை மிச்சப்படுத்த நினைக்கக் கூடாது. நகர்ப்புற வாயுக்காப்புத் துணை மின்நிலையங்களின் எபாக்சித் தட்டுகளில் இன்னொரு நுட்பம் உண்டு. அங்கே சிலிக்காவுக்குப் பதிலாக அலுமினாவை நிரப்புவார்கள். காப்பாக அடைக்கப்பட்டிருக்கும் எஸ்.எஃப்.6 வாயு மின்வில் பட்டுச் சிதைந்து, ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடைத் தரும். அது சிலிக்காவைத் தின்றுவிடும், அலுமினா தாங்கும்.

ஏ.சி.யிலிருந்து டி.சி.க்கு வந்தால் கணக்கே மாறுகிறது. ஏ.சி.யில் மின்புலத்தைப் பொருள்களுக்கிடையே பங்கிடுவது விடுதிறன். அது வெப்பத்தோடு மெதுவாகத்தான் மாறும். டி.சி.யில் பங்கிடுவது மின்தடை எண். அதுவோ வெப்பத்தோடு ஆயிரம் மடங்கு மாறுவது. கடத்தியை ஒட்டிய சூடான ரெசினில் மின்தடை குறைந்துவிடுவதால் புலம் அங்கிருந்து விலகி, குளிர்ந்த வெளிப்பகுதியில் குவிகிறது. ஏ.சி.க்கென்று வடிவமைத்த காப்பில் எந்த இடம் பாதுகாப்பானது என்று நினைத்தோமோ அதுவே டி.சி.யில் ஆபத்தான இடமாகலாம். ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் டி.சி.யில் மின்சாரம் வருவதுபோன்ற திட்டங்களில் காப்பு வடிவமைப்பாளர்களை உறங்கவிடாத சிக்கல்களில் இது ஒன்று.

டி.சி.யில் இன்னொன்றும் உண்டு. ரெசின் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1775-இல் அலெசாண்ட்ரோ வோல்ட்டா எலக்ட்ரோஃபோரஸ் என்ற கருவியைப் பரப்பினார். பிசின் வார்த்த தட்டை ஒருமுறை தேய்த்துவிட்டால் அதிலிருந்து மீண்டும் மீண்டும் மின்னூட்டம் எடுக்கலாம். இரண்டாண்டு கழித்து ஜெர்மனியின் கோட்டிங்கனில் இயற்பியலாளர் லிக்டன்பெர்க் அப்படியொரு பெரிய பிசின் தட்டின் மேல் தூசி நட்சத்திரங்களாகவும் கிளைகளாகவும் படிந்திருப்பதைக் கண்டார். தங்கிய மின்னூட்டத்தின் படம் அது. எவ்வளவு நேரம் தங்கும் என்பதை மின்தடை எண்ணையும் விடுதிறனையும் பெருக்கினால் ஏறத்தாழ அறியலாம். 15 சுழிய எபாக்சிக்கு ஆறு நிமிடம். 18 சுழியங்கள் உள்ள பொருளுக்கு நான்கு நாள்.

பூமியில் இது பெரும்பாலும் தொந்தரவில்லை. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் தொந்தரவுதான். சூரியக் காற்று வேகமெடுக்கும் நாள்களில் புவியின் கதிர்ப்பட்டைகளில் எலக்ட்ரான்கள் கொந்தளிக்கும். அவை செயற்கைக்கோளின் சுவரைத் துளைத்து உள்ளே இருக்கும் கேபிள் காப்பிலும் சுற்றுப்பலகையிலும் ரெசினிலும் புதையும். கசிந்து வெளியேறுவதைவிட வேகமாகப் புதைந்தால், புலம் ஏறி ஏறி ஒரு கணத்தில் உள்ளேயே மின்னல் வெட்டும். 1994 ஜனவரி 20 அன்று கனடாவின் அனிக் ஈ1, ஈ2 என்ற இரு தொடர்புச் செயற்கைக்கோள்கள் சில மணி நேர இடைவெளியில் நிலைதடுமாறின. சுழல் சக்கரங்களின் கட்டுப்பாட்டுச் சுற்றுகள் பழுதாகியிருந்தன. ஈ1 அன்றே மீண்டது. ஈ2-ஐ மீட்கப் பல மாதங்கள் ஆயின. அதற்கு முந்தைய நாள்களில் எலக்ட்ரான் பாய்வு உச்சத்தில் இருந்தது. உள்மின்னேற்றமே காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். விண்வெளிக் கருவிகளில் மிகச் சிறந்த காப்புப் பொருளைத் தேடுவது பிழையாகிவிடும். போதுமான அளவு கசியும் பொருள் வேண்டும். மின்தடை எண்ணில் மூன்று சுழியங்கள் குறைந்தால் நான்கு நாள் ஆறு நிமிடமாகிவிடுகிறதே!

மின்வாகனங்கள் இப்போது புதிய கேள்வியைக் கொண்டுவந்திருக்கின்றன. அவற்றின் இன்வர்ட்டர்களில் உள்ள சிலிக்கன் கார்பைடு ஸ்விட்சுகள் 800 வோல்ட்டைச் சில பத்து நானோவிநாடிகளில், விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி ஒட்டுகின்றன. அந்தச் சில்லுகளை மூடியிருப்பது எபாக்சி, அல்லது இளகிய சிலிக்கோன் ஜெல். இவ்வளவு கூரான துடிப்புகளில் பகுதி மின்னிறக்கம் சைன் அலையில் நடப்பதுபோல நடப்பதில்லை. அதை அளப்பதும் கடினம். 50 ஹெர்ட்ஸுக்காக உருவான அளவுக்கருவியில், ஸ்விட்ச் எழுப்பும் இரைச்சலுக்குள் மின்னிறக்கத்தின் சிறு துடிப்பு மூழ்கிவிடுகிறது. எனவே மின்னிறக்கம் வெளியிடும் மங்கலான ஒளியையோ, அது பரப்பும் மீயுயர் அதிர்வெண் ரேடியோ அலையையோ பிடிக்கப் பார்க்கிறார்கள். ஒளியைப் பிடிக்கும் வழி தெளிந்த சிலிக்கோன் ஜெல்லில் பலிக்கிறது. கறுப்பு எபாக்சியிலிருந்து ஒளி வெளியே வராது. அங்கே ஆன்டெனாவைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.